பஞ்சத்தில் வெட்டிய கால்வாய்

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடித் தோல் வியாபாரிகளுக்குச் சென்னை என்றால் பெரியமேட்டு மண்டிகளும் துறைமுகமுமே முதலில் நினைவுக்கு வரும். 1856ஆம் வருஷம் ஜூலை முதல் தேதி, தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்தினின்று புறப்பட்டு நமது வாலாஜா ரோடு வந்து சேர்ந்தது. அன்று முதல் இருப்புப்பாதையே நமக்கு ராஜபாட்டையாயிற்று. அப்பட்டணத்துக்கு ஒரு நீர்ப்பாதையும் உண்டு என்பதை நம்மவர் பலர் மறந்துவிட்டனர்.

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் அலைக்கு அப்பால் நிற்கும். ஜனங்களும் சரக்குகளும் மசூலாப் படகில் நனைந்துகொண்டே கரையேற வேண்டும். சூயஸ் கால்வாய் 1869இல் திறக்கப்பட்டு ஐரோப்பா கிட்ட வந்த பின்பும் இதே கதிதான். பின்னர் எழுப்பிய அலைதாங்கிச் சுவர்களை 1881ஆம் வருஷத்துப் புயல் சிதைத்தது. ஆகவே கரையோரமாகவே செல்லும் அமைதியான நீர்வழி ஒன்று அவசியமாயிருந்தது. பாஸில் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்து வியாபாரி எண்ணூர் வரையில் 1806இல் முடித்த கால்வாயே அதன் தொடக்கம். 1837இல் சர்க்கார் அதனைத் தம் வசமாக்கிக்கொண்டனர்.

1876இல் தாது வருஷப் பஞ்சம் வந்தது. நமது வட ஆற்காடும் தப்பவில்லை. சென்னைக் கடற்கரையில் தானிய மூட்டைகள் குவிந்து கிடந்தன; வாங்குவதற்கு ஏழைகளிடம் காசில்லை! கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர்ப் பகுதி, பஞ்ச நிவாரண வேலையாக 1877-78இல் வெட்டப்பட்டது. நிவாரண வேலைகளில் ஆண் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும் போதும் என்று 1877இல் ஸர் ரிச்சர்டு டெம்பிள் குறைத்துவிட்டார். ராஜதானியின் சுகாதாரக் கமிஷனர் கார்னிஷ் துரையே அதை வன்மையாய் ஆட்சேபித்தார். சில மாதங்கள் கழித்தே கூலி சற்று உயர்ந்தது. இதற்கிடையில் மாண்டவர்களை யார் திருப்பித் தருவது?

கால்வாய்க்குச் சூட்டப்பெற்ற பெயரோ கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவினுடையது. பாத்தியதை வழக்குகளில் பழகிய நமக்கு ஒரு சந்தேகம் எழுகிறது: மண் சுமந்த கூலிகளின் சாட்சியத்தைக் கேளாமலே இத்தீர்ப்பு எழுதப்பட்டதன்றோ?

ஆந்திரத்துப் பெத்தகஞ்சாம் முதல் மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர் நீண்ட இவ்வழியில் அரிசி, உப்பு, விறகு, கரி ஏற்றிய படகுகள் பட்டணம் வந்தன. 1965, 1966ஆம் வருஷங்களின் புயல்கள் அதைக் கெடுத்தன. மீதியைக் கெடுத்தவர்கள் நாமே. சாக்கடையை அதில் திருப்பினோம். 1990களில் பறக்கும் ரயிலின் தூண்களைக் கால்வாய்க்குள்ளேயே நட்டோம். பாலாற்றில் தோல் தொழிற்சாலைக் கழிவு கலந்ததற்காக 1996இல் சுப்ரீம் கோர்ட்டில் கண்டிக்கப்பட்ட நம் ஜில்லாவார், இதில் சென்னைவாசிகளைப் பார்த்துச் சிரிப்பதற்கில்லை. 2008இல் நான்காவது தேசிய நீர்வழியில் இக்கால்வாயும் சேர்க்கப்பட்டது. தூண்களைச் சுற்றிக்கொண்டு படகு எவ்வாறு போகும் என்பதை அதிகாரிகளே விளக்க வேண்டும்.

நம் கோரிக்கை சிறிது. கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையே கரையில் ஒரு கல் நடப்படட்டும். பிரபுவின் பெயரோடு, வெட்டியவர்களின் கூலியும் அதில் பொறிக்கப்படட்டும்: ஒரு ராத்தல் தானியம், ஓர் அணா.