காப்பக நாய்களுக்கு இருமல்: கிருமியைக் கண்டறிவது எப்படி?

புதுதில்லி: பள்ளிகள், மருத்துவமனைகள், ரயில் நிலையங்கள் உள்ளிட்ட இடங்களில் திரியும் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் வைக்குமாறு 2025 நவம்பர் 7-ம் தேதி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நெருக்கமாக அடைக்கப்படும் நாய்களிடையே எளிதில் பரவுவது, தொண்டையில் ஏதோ சிக்கியதுபோன்ற வறட்டு இருமல். இதற்குக் காரணமான பாக்டீரியாக்களில் முக்கியமானது போர்டடெல்லா.

இருமலை வைத்தே நோயை முடிவு செய்துவிட இயலாது. உயிரைப் பறிக்கும் டிஸ்டெம்பர் வைரஸ் நோயிலும் இருமல் உண்டு. மூக்கிலோ தொண்டையிலோ பஞ்சுக்குச்சியால் எடுக்கப்படும் மாதிரியைப் பி.சி.ஆர். முறையில் சோதித்தால் சில மணி நேரத்தில் கிருமி தெரிந்துவிடும். ஆய்வகத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கச் சில நாள்கள் ஆகும். ஆயினும், எந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்பதை அறிய இம்முறையே உதவும்.

சிக்கல் வேறொன்றும் உண்டு. நலமாகத் தோன்றும் நாயிடமும் போர்டடெல்லா இருக்கலாம்; குணமடைந்த நாயும் வாரக்கணக்கில் அதைப் பரப்பக்கூடும். எனவே, புதிதாக வரும் நாய்களைத் தனியே வைத்துக் கவனிக்க ஒவ்வொரு காப்பகத்திலும் இடம் ஒதுக்க வேண்டியுள்ளது.