கொதித்தாலும் தீராத குறை

கிணற்று நீர் கெட்டால் மருந்து ஒன்றல்ல. நோய் எதுவென்று தெரிந்தால்தான் வைத்தியம்.

மூணாறுக்குக் கிழக்கே, தமிழக எல்லையை ஒட்டிய மலைச்சரிவில் இருக்கிறது வட்டவடை. பூண்டும் கேரட்டும் விளையும் இந்தத் தமிழ் கிராமத்தில் யூகலிப்டஸ் தோப்புகள் தண்ணீரை உறிஞ்சிவிட்டன என்பது பழைய புகார். இருக்கும் நீரையாவது கெடாமல் குடிக்க வேண்டும் என்பது அடுத்த கவலை.

மலையில் எதிரி பெரும்பாலும் கிருமிதான். ஒரு பெருமழை போதும், சரிவில் கிடக்கும் சாணமும் கழிவும் ஊற்றுக்கும் கிணற்றுக்கும் வந்துசேர. 2018 வெள்ளத்துக்குப் பின் கேரளம் முழுவதும் கிணறுகளில் பிளீச்சிங் பவுடர் கலக்க வேண்டியிருந்தது இதனால்தான்.

கணக்கு எளிது. 1,000 லிட்டருக்கு 2.5 கிராம், வெள்ளம் புகுந்த கிணறு என்றால் 5 கிராம். இரண்டு மீட்டர் விட்டமுள்ள கிணற்றில் மூன்று மீட்டர் நீர் நின்றால் அது சுமார் 9,400 லிட்டர். சாதாரண நாளில் 24 கிராம் போதும். பவுடரை அப்படியே கொட்டக் கூடாது. வாளியில் குழைத்து, நீர் சேர்த்துக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் கிணற்றில் கலக்க வேண்டும். அடியில் தங்கும் சுண்ணாம்பு உள்ளே போனால் நீரின் கடினத்தன்மை கூடும். ஒரு மணி நேரம் கழித்தே நீர் இறைக்கலாம். நீர் கலங்கலாக இருந்தால் குளோரினின் வேகம் குறையும். குடிக்கும் நீரைக் காய்ச்சுவது கூடுதல் பாதுகாப்பு.

மலையிறங்கி வடக்கே பாலக்காட்டின் கிழக்கு எல்லைக்கு வந்தால் கதை மாறுகிறது. சித்தூர் வட்டாரக் கிணறுகள் பலவற்றில் ஃபுளோரைடு அதிகம். இதே வட்டாரத்துப் பிளாச்சிமடையில், கிணற்று நீர் கெட்டுவிட்டது என்று மயிலம்மா முதலானோர் 2002இல் தொடங்கிய போராட்டம் உலகறிந்தது. கோகோ கோலா ஆலை 2004இல் நின்றது.

உப்புக்கும் ஃபுளோரைடுக்கும் அடுப்பு மருந்தல்ல. காய்ச்சக் காய்ச்ச நீர் ஆவியாகும்; உப்பும் ஃபுளோரைடும் தங்கி இன்னும் செறிவாகும். குளோரினும் உதவாது. ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு நீரே இல்லாவிட்டால் 1.5 வரை பொறுக்கலாம் என்கிறது இந்தியத் தரக்குறியீடு. தாண்டினால் முதலில் குழந்தைகளின் பல்லில் கறை ஏறும். ஆண்டுக்கணக்கில் குடித்தால் எலும்பு முடங்கும். முடங்கிய எலும்பை மீட்க மருந்தில்லை.

நாகபுரியின் 'நீரி' நிறுவனம் உருவாக்கிய நலகொண்டா முறையில் சுண்ணாம்பு, பிளீச்சிங் பவுடர், படிகாரம் சேர்த்துக் கலக்கித் தெளியவைத்தால் ஃபுளோரைடு குறையும். வீட்டு வாளியிலேயே செய்யலாம். ஆனால் படிகாரத்தின் அளவு கிணற்றுக்குக் கிணறு மாறும் என்பதால் பரிசோதனை இல்லாமல் இறங்கக் கூடாது. ஆர்.ஓ. இயந்திரமும் ஃபுளோரைடை நீக்கும்; கணிசமான நீரை வெளியேற்றியும் விடும்.

மலிவான வழி கூரையில் இருக்கிறது. திருச்சூர் மாவட்டத்தில் 2008இல் தொடங்கிய 'மழப்பொலிமா' திட்டம், கூரை மழையை வடிகட்டிக் கிணற்றிலேயே இறக்குகிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரிக்கோ 2013இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் திட்டம் காவிரியையே கொண்டுவந்தது.

எல்லா ஊருக்கும் காவிரி வராது. எனவே பாத்திரத்தை அடுப்பில் ஏற்றும் முன், ஒரு பாட்டில் கிணற்று நீரைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புவதே முதல் வைத்தியம்.