விதை கெட்டால் வியாபாரமும் கெடும்

எனது பூச்செடிக் கடையில் கள்ளிச்செடி விதையும் விற்கிறேன். விதை என்ன, சோறு கறி போல ஊசிப்போகவா போகிறது என்று நினைத்து, பொலித்தீன் பையில் கட்டி, வெயில் படும் றாக்கையில் வைத்திருந்தேன். ஒருநாள் வாடிக்கையாளர் ஒருவர் வந்து, "நானா, ஒரு விதையும் முளைக்கல்ல" என்றார். காசைத் திருப்பிக் கொடுத்தேன். மனிதர் மறுபடி கடைப்பக்கம் வரவில்லை.

அதன் பிறகு விசாரித்து அறிந்ததைச் சொல்கிறேன்.

எல்லாக் கள்ளி விதைக்கும் ஒரே ஆயுள் இல்லை. பிரைலியா இனத்தின் விதை சீக்கிரமே முளைக்கும் திறனை இழந்துவிடும். தடித்த ஓடுள்ள சப்பாத்திக்கள்ளி விதையோ பல வருடங்கள் தாங்கும்.

விதையைக் கெடுப்பவை ஈரமும் சூடும்தான். வெப்பம் 5 பாகை செல்சியஸ் குறைந்தால் விதையின் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பொதுவான கணக்கு. எனவே நன்கு உலர்ந்த விதையைச் சிலிக்கா ஜெல்லுடன் காற்றுப் புகாத போத்தலில் இட்டு, குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். உறைய வைக்கும் தட்டு வேண்டாம். வெளியே எடுத்ததும் திறக்காதீர்கள். போத்தலின் குளிர் ஆறட்டும். இல்லாவிட்டால் காற்றிலுள்ள ஈரம் விதையில் படியும்.

வாங்கும்போது விதை எடுத்த திகதியைக் கேட்டு, போத்தலில் எழுதுங்கள். விற்க முன் 20 விதைகளை ஈர மணலில் தூவி, வெளிச்சத்தில் மூன்று வாரம் பாருங்கள். சப்பாத்திக்கள்ளிக்கு இன்னும் பொறுக்க வேண்டும். 15 முளைத்தால் 75 வீதம். அதைப் பக்கற்றில் எழுதியே விற்கலாம். ஐந்துதான் முளைத்தது என்றால் கொட்டிவிடுங்கள். அந்த நட்டம் சிறிது. வாடிக்கையாளரை இழக்கும் நட்டம் பெரிது.