இலையுதிர்த்துப் பூக்கும் முருக்கு

சங்கப் பாடலில் சேவலின் கொண்டைக்கு உவமையாகும் கவிர் மலரை, ஈசூன் போன்ற அடுக்குமாடி வீடமைப்பு நகரில் வளரும் மாணவர்க்கு எவ்வாறு உணர்த்துவது? தமிழாசிரியர் எதிர்கொள்ளும் இவ்வினாவை முன்னிட்டு, அம்மரத்தின் இயல்பை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

கவிர் என்பதற்கு முருக்கு என உரையாசிரியர் பொருள் கொள்வர். முள்முருக்கு, கலியாண முருங்கை என்பன இதன் வழக்குப் பெயர்கள். மலாய் மொழியில் இது 'டெடாப்' எனப்படும். தாவரவியலார் இதனை எரித்ரைனா வேரியகேட்டா எனப் பெயரிட்டு அவரைக் குடும்பத்தில் அடக்குவர். காய்க்காக வளர்க்கப்படும் முருங்கை வேறு குடும்பத்தைச் சார்ந்தது. புனமுருக்கு எனப்படும் புரசு இதே குடும்பத்ததாயினும் வேறு மரமாகும். முருக்கின் கிளைகளில் முள் உண்டு, மலர் செந்நிறமானது. புரசுக்கு முள் இல்லை. மலர் செம்மஞ்சள் நிறத்தது.

தமிழகத்தில் முருக்கு வறண்ட பருவத்தில் இலைகளை உதிர்த்து, வெறுங்கிளைகளில் பூக்கிறது. இலையின்மையால் நீரிழப்புக் குறைகிறது. தேனுண்டு மகரந்தம் பரப்பும் பறவைகளுக்கு மலர்க்கொத்துகள் தொலைவிலிருந்தே புலப்படுகின்றன. ஆண்டு முழுவதும் மழை பெறும் சிங்கப்பூரில் இத்தகைய தெளிவான வறட்சிப் பருவம் இல்லை. ஆகவே, உவமையின் பின்னணியாகிய இலையற்ற செம்மை மாணவர் கண்ணுக்கு எளிதில் கிட்டுவதில்லை.

இலையின்மைக்கு இன்று மற்றொரு காரணமும் சேர்ந்துள்ளது. ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் நீளமே உள்ள குளவியொன்று இளந்தளிரிலும் காம்பிலும் முட்டையிடுகிறது. அவ்விடங்கள் கழலையாகத் திரள, இலைகள் சுருண்டு உதிர்கின்றன. சிங்கப்பூர், மொரிசியசு, ரியூனியன் ஆகிய இடங்களில் கிடைத்த மாதிரிகளைக் கொண்டு இக்குளவி 2004இல் புதிய இனமாக விவரிக்கப்பட்டது. 2006இல் கேரளத்திலும் அறியப்பட்டது. அங்கு மிளகுக்கொடி படரும் முருக்கு மரங்கள் இதனால் நலிந்தன. அவாயித் தீவுகளில் இதனைக் கட்டுப்படுத்த ஓர் ஒட்டுண்ணிக் குளவி 2008இல் விடப்பட்டது.

பூப்பிற்கு முன்னறிவிப்பாக விளங்கிய வெறுங்கிளை, இவ்வாறு நோயின் அடையாளமாகவும் ஆயிற்று. வெட்டி நட்ட கிளையும் வேர்விட்டுத் தழைக்கும் இயல்பினால்தான் யாழ்ப்பாணத் திருமணங்களில் முருக்கங்கிளை கன்னிக்காலாக ஊன்றப்பெறுகிறது எனக் கொள்ளலாம். மரம் அழியின் அச்சடங்கின் பொருளும் உவமையின் பொருளும் ஒருசேர மங்கும்.

எனவே, கவிரைக் கற்பிக்கும் ஆசிரியர் 'ஒரு செந்நிற மலர்' எனப் பொருளுரைத்து அமையாது, பூத்த வெறுங்கிளையின் படத்தையும் நோயுற்ற கிளையின் படத்தையும் அருகருகே காட்டி வேறுபாட்டை விளக்குதல் நன்று. உவமையை உணர்வதற்கும் மரத்தைப் பேணுவதற்கும் அவ்வறிவே தொடக்கமாகும்.