போலேரோவின் கடைசி நிமிடம்

இசையமைப்பாளர் ராவேலின் 'போலேரோ'வை நண்பர் ஒருவர் வீட்டில் வால்வு ஆம்ப்ளிஃபையரில் கேட்டேன். 1928-இல் பாரிஸில் அரங்கேறிய இசை அது. ஏறக்குறைய கால் மணி நேரம் ஓடும். ஸ்நேர் டிரம் ரகசியம் பேசுவதுபோலத் தாளத்தைத் தொடங்க, ஒற்றைப் புல்லாங்குழல் மெட்டை எடுக்கும். பிறகு மெட்டும் தாளமும் அப்படியேதான் இருக்கும். வாத்தியங்கள் மட்டும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்துகொண்டே போகும். பெரிய டிரம், சிம்பல், காங் மூன்றும் முடிவுக்குச் சற்று முன்புதான் வாய் திறக்கும்.

நண்பரிடம் இருந்தது 8 வாட் ஆம்ப். முதல் ஐந்து நிமிடம் சொக்கிப்போனேன். புல்லாங்குழல்காரர் மூச்சிழுப்பது பக்கத்தில் கேட்டது. கடைசி நிமிடத்தில் எல்லாம் கூழாகிவிட்டது. ட்ரம்பெட் எங்கே, வயலின் எங்கே என்று பிரிக்க முடியவில்லை. காங் அடித்ததே தெரியவில்லை. ஆம்ப்பில் எந்தப் பழுதும் கிடையாது. அதன் தோளுக்கு மீறிய சுமையை ஏற்றியிருந்தோம், அவ்வளவுதான்.

ஏன் அப்படி ஆகிறது என்று தெரிய வால்வுக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும். காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் குடுவை அது. நடுவில் இருக்கும் கேத்தோடு சூடேறிச் சிவந்ததும் எலக்ட்ரான்களை உதிர்க்கும். வெளிச்சுற்றில் இருக்கும் பிளேட்டுக்குச் சில நூறு வோல்ட் கொடுத்திருப்பதால் எலக்ட்ரான்கள் அதை நோக்கி ஓடும். வீட்டில் வால்வு ரேடியோ இருந்த தலைமுறைக்கு இது பழகிய விஷயம்: திருகியதும் பாடாது, சூடேறும்வரை காத்திருக்க வேண்டும். 1906-இல் அமெரிக்கரான லீ டி ஃபாரஸ்ட் கேத்தோடுக்கும் பிளேட்டுக்கும் நடுவே 'கிரிட்' என்ற கம்பியைப் புகுத்தினார். ஏரி மதகில் பலகையை ஒரு சாண் ஏற்றி இறக்குவது ஒரு ஆள் கை வேலை. அதற்குப் பாயும் தண்ணீரோ ஊரையே நனைக்கும். கிரிட் அந்தப் பலகை. அதன்மேல் வரும் நுண்ணிய இசைச் சைகைக்கு ஏற்ப எலக்ட்ரான் வெள்ளம் கூடிக் குறைகிறது.

அந்த வெள்ளத்தை நேரே ஸ்பீக்கருக்குள் விட முடியாது. வால்வு தருவது அதிக வோல்ட், சொற்ப மின்னோட்டம். 8 ஓம் ஸ்பீக்கர் கேட்பது நேர் எதிர். இரண்டையும் இணைத்து வைப்பது அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர். வால்வு ஆம்ப்பின் உயிர் இதில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். மினுமினுக்கும் வால்வுகளைப் பார்த்து மயங்குகிறோம். பின்னால் கறுப்பு டப்பாவுக்குள் இருக்கும் இரும்பை யாரும் பார்ப்பதில்லை. சுரம் கீழே இறங்க இறங்க அதைக் கடத்த இரும்பு அதிகம் தேவை. டபுள் பேஸின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. இரும்பு போதாவிட்டால் காந்தப்புலம் நிரம்பி வழிந்து, டபுள் பேஸ் வரிசை முழுவதும் தொண்டை கட்டியதுபோல் ஒலிக்கும். 1947-இல் இங்கிலாந்தின் 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் டி.டி.என். வில்லியம்சன் வெளியிட்ட 15 வாட் ஆம்ப் உலகெங்கும் வீடுகளில் கட்டப்பட்டது. அதில் அவர் மிகவும் கறார் காட்டியது இந்த ட்ரான்ஸ்ஃபார்மர் விஷயத்தில்தான். 1961-இல் வந்த மெக்கின்டாஷ் எம்சி275, பக்கத்துக்கு 75 வாட் தருவது, சுமார் 30 கிலோ எடை. கடையில் ஆம்ப்பைக் கையால் தூக்கிப் பார்ப்பது நல்ல சோதனை. 40 வாட் என்று சொல்லிவிட்டு ஒரு கையில் தூக்க வந்தால் எனக்குச் சந்தேகம் வரும்.

இனி வாட் கணக்கு. இதைத் தாளில் போட்டுப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். வீடுகளில் வைக்கும் சாதாரண ஸ்பீக்கர் 1 வாட் வாங்கிக்கொண்டு 1 மீட்டரில் 87 டெசிபெல் தரும். நீங்கள் 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் கொஞ்சம் குறையும். சுவர்கள் திருப்பித் தருவதையும் இரண்டாவது ஸ்பீக்கரையும் சேர்த்தால் காதுக்கு 84 அளவில் தேறும். முழு ஆர்கெஸ்ட்ரா உச்சத்தில் முழங்கும்போது 100 டெசிபெலாவது வேண்டும். மிச்சம் 16. 3 டெசிபெல் கூட்ட வாட் இரட்டிப்பாக வேண்டும், 10 கூட்டப் பத்து மடங்காக வேண்டும்; 16 கூட்ட ஏறத்தாழ நாற்பது மடங்கு. ஆக, பக்கத்துக்கு 40 வாட். ஸ்பீக்கர் 95 டெசிபெல் ரகம் என்றால் அதே முழக்கத்துக்கு 6 வாட் சொச்சம் போதும். ஸ்பீக்கரை முடிவு செய்யாமல் ஆம்ப் தேடுவது, கால் அளவு தெரியாமல் செருப்பு வாங்குவதுதான்.

நண்பர் ஏமாந்த இடமும் இதுவே. அவருடைய ஆம்ப்பில் இருந்தது 300பி. அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் தயாரித்த இந்தக் குடும்பத்து வால்வுகள் 1930-களில் சினிமா கொட்டகைகளில் ஓடியவை. அங்கே 8 வாட் போதுமானதாக இருந்தது, ஏனென்றால் திரைக்குப் பின்னால் பிரம்மாண்டமான ஹாரன் ஸ்பீக்கர்கள் இருந்தன. நம் ஊர்த் திருவிழாவில் தென்னை மரத்தில் கட்டும் குழாய் ஸ்பீக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். சில வாட்டில் அடுத்த ஊருக்கும் கேட்கும். அதே வால்வை 87 டெசிபெல் பெட்டியோடு கட்டினால் அது என்னதான் செய்யும்?

வாட் மட்டும் பிரச்சினை அல்ல. ஒற்றை வால்வில் ஓடும் 'சிங்கிள் எண்ட்' ஆம்ப், இசைக்குள் தானாகக் கொஞ்சம் இரட்டை அதிர்வெண்ணைக் கலக்கும். ஷட்ஜத்தோடு மேல் ஷட்ஜம் லேசாகச் சேர்ந்ததுபோல. ஒரு குரல், ஒரு வீணை என்றால் அது செழிப்பாகக் கேட்கும். அந்த அழகை நான் மறுக்கவில்லை. ஆனால் 400, 500 ஹெர்ட்ஸ் சுரங்கள் இரண்டு சேர்ந்து வந்தால் 100, 900 என்று இசையில் இல்லாத சுரங்களும் பிறந்துவிடும். எண்பது பேர் வாசிக்கும்போது இப்படிப் பிறப்பவற்றுக்குக் கணக்கே இல்லை. நான் கேட்ட கூழ் அதுதான்.

அதனால் ஆர்கெஸ்ட்ரா ரசிகருக்கு என் வாக்கு 'புஷ்-புல்' ஆம்ப்புக்கு. மரம் அறுக்கும் வாளை இரண்டு பேர் மாறி மாறி இழுப்பதுபோல இரண்டு வால்வுகள் வேலையைப் பங்கிடும். அந்த இரட்டை அதிர்வெண் கலப்பு பெரும்பாலும் தள்ளுபடியாகிவிடும். ட்ரான்ஸ்ஃபார்மர் இரும்பில் நிரந்தரக் காந்தமும் தங்காது, கீழ்ச் சுரங்களுக்கு இடம் கிடைக்கும். இஎல்34 வால்வு இரண்டு போட்டால் 35 வாட் வரும். 1959-இல் வந்த டைனக்கோ ஸ்டீரியோ 70 அப்படித்தான் தந்தது. கேடி88 என்றால் இன்னும் மேலே போகலாம். இஎல்34 இன்றும் ரஷ்யாவிலும் ஸ்லோவாக்கியாவிலும் சீனாவிலும் தயாராகிறது, மாற்றுவதற்குத் திண்டாட வேண்டாம். ஒரு ஜோடி 2000 மணி நேரம் உழைக்கிறது என்று வைத்தால், தினமும் இரண்டு மணி நேரம் கேட்பவருக்கு இரண்டரை ஆண்டுக்கு மேல் வரும்.

பயாஸ், அதாவது இசை இல்லாதபோது வால்வில் ஓடும் மின்னோட்டத்தை நிர்ணயிக்கும் ஏற்பாடு, பற்றிக் கடையில் கேளுங்கள். தானே சரிசெய்துகொள்ளும் ஆட்டோ பயாஸ் தொல்லை இல்லாதது. ஆனால் சில புஷ்-புல் ஆம்ப்களில், முழக்கம் நிற்காமல் நீடித்தால் இந்த ஏற்பாடு மெல்ல நிலை தளர்ந்து, வால்வை ஒடுக்கிவிடும். போலேரோ மாதிரி இசைக்கு அது இடிக்கும். ஃபிக்ஸட் பயாஸில் அந்தத் தளர்ச்சி இல்லை. அவ்வப்போது மீட்டர் வைத்துத் திருகிச் சரிசெய்ய வேண்டியிருக்கும். தெரிந்தவரை வைத்தே செய்யுங்கள். உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், சுவிட்சை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் தங்கும். பின்பக்கம் 4 ஓம், 8 ஓம் இரண்டுக்கும் தனி முனைகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். இரண்டிலும் மாற்றிக் கேட்டு, பெரிய டிரம்மின் அடி எதில் இழுபடாமல் நிற்கிறதோ அதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆம்ப்பை மூடிய அலமாரிக்குள் தள்ளாதீர்கள், வெக்கை வெளியேற வழி வேண்டும்.

கடைக்காரர் பெரும்பாலும் ஒரு கிதாரும் ஒரு பெண் குரலும் உள்ள பாட்டைத்தான் போட்டுக் காட்டுவார். அதில் எல்லா வால்வு ஆம்ப்பும் தேன்தான். உங்கள் ஸ்பீக்கரையோ அதே டெசிபெல் ரகத்தையோ இணைக்கச் சொல்லி, போலேரோவைப் போடுங்கள். முதல் ஸ்நேர் டிரம் வீட்டில் கேட்க விரும்பும் அளவுக்கு வந்ததும் வால்யூமை விட்டுவிடுங்கள். அதன் பிறகு கால் மணி நேரம் கையை மடியில் வைத்துக்கொண்டு, காங் கேட்கிறதா என்று காத்திருங்கள்.