ஓர் அச்சு, இரண்டு ரவை

வரிக்கணக்குக்காக வோபர்னில் என்னிடம் வந்த தம்பியொருவர் ஒரு பற்றுச்சீட்டை நீட்டினார். குறிபார்த்துச் சுடும் கழகத்தில் இருப்பவர். “அங்கிள், .38 ஸ்பெஷலுக்கு வாங்கின அச்சு .357 மக்னத்துக்கும் காணுமோ? ரெண்டும் என்ர ரிவோல்வரில போகும்.”

ரவைக்கோது என்றாலே எங்களுக்கு வேறு நினைவுகள். ஆனாலும் தேடிப் பார்த்தேன்.

காணும். இரண்டு கோதுக்கும் பருமன் ஒன்று. நீளம் ஸ்பெஷல் 29.3 மில்லிமீற்றர், மக்னம் 32.8. அழுத்தம் கூடிய மக்னம் பழைய .38 ரிவோல்வருக்குள் புகுந்துவிடக் கூடாதென்றே 1930களில் நீட்டிச் செய்தார்கள். அதனால் சுட்டு விரிந்த கோதை நெரித்துப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் முதல் அச்சு இரண்டுக்கும் பொது. வாயை விரிக்கும் அச்சையும், குண்டைப் பதித்து இறுக்கும் அச்சையும் மக்னத்துக்கு ஏறக்குறைய 3.4 மில்லிமீற்றர் உயர்த்த வேண்டும். அந்தத் தடிப்பில் ஒரு வளையம் வைத்தால் வேலை சுலபம்.

மருந்தளவு மட்டும் பொதுவல்ல. மக்னத்தின் அளவை ஸ்பெஷல் கோதில் போட்டுப் பழைய .38இல் சுட்டால் ரிவோல்வரும் போகும், கையும் போகும். ஒவ்வொன்றுக்கும் மருந்து உற்பத்தியாளரின் அட்டவணையைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

பெயரையும் நம்பக் கூடாது. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியப் படையினர் வைத்திருந்த .38 ரிவோல்வரின் ரவை கட்டையானது, பருமன் கூடியது. இந்த அச்சு அதற்குப் பொருந்தாது.

2022 ஒக்ரோபர் 21 முதல் கனடாவில் தனியாட்கள் கைத்துப்பாக்கி வாங்க, விற்கப் பொதுவாகத் தடை. தம்பியினுடையது அதற்கு முன்பே பதிவானது.

பற்றுச்சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பொழுதுபோக்குச் செலவு வரியில் கழியாது.