மோட்டார் வண்டியில் கையடக்க இசைப்பெட்டி

பயணம் செல்லுங்கால் இசையையும் உடன் கொண்டு செல்ல வேண்டுமென்னும் ஆவல் மக்களுக்குப் புதிதன்று. 1930-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கால்வின் நிறுவனம் ‘மோட்டரோலா’ என்னும் பெயரில் மோட்டார் வண்டிக்கான வானொலிப் பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1963-இல் பிலிப்ஸ் நிறுவனம் சிறிய ஒலிநாடாக் கேசட்டை அறிமுகப்படுத்தியது. 1979-இல் ஜப்பானிய நிறுவனமான சோனி ‘வாக்மேன்’ என்னும் கருவியை வெளியிட்டது. இசை சட்டைப் பைக்குள் புகுந்தது. 2001-இல் வெளிவந்த ‘ஐபாட்’ ஆயிரம் பாடல்களை உள்ளங்கையில் அடக்கிற்று. இன்று கைப்பேசியே அப்பணியையும் செய்கிறது.

ஆயினும் ஒரு குறை எஞ்சி நிற்கிறது. கையடக்கப் பெட்டி ஒருவர் காதுக்கு மட்டுமே பாடுவது. வண்டியிலுள்ள ஸ்டீரியோவோ அமர்ந்திருப்போர் அனைவருக்கும் பாடுவது. இவ்விரண்டையும் இணைப்பது எவ்வாறு? இதனையே இங்கு ஆராய்வோம்.

சித்தூர்ப் பகுதியில் இக்கேள்விக்குத் தனிச் சிறப்பு உண்டு. தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் எல்லைப்புறம் அது. புங்கனூரில் 1898-இல் பிறந்த சித்தூர் சுப்பிரமணிய பிள்ளையின் பாட்டு, எம். எஸ். சுப்புலட்சுமி பாடிய வேங்கடேச சுப்ரபாதம், அன்னமாசாரியரின் கீர்த்தனங்கள் ஆகியவற்றைப் பெரியோர் கேசட்டில் சேர்த்து வைத்த வீடுகள் அங்கே உண்டு. அவற்றைப் பிள்ளைகள் இன்று கைப்பெட்டிக்கு மாற்றிவிட்டனர். சித்தூரிலிருந்து திருப்பதிக்குச் சாலைவழி சுமார் 70 கிலோமீட்டர். பின்னிருக்கையில் அமர்ந்த பாட்டியாரும் அப்பாட்டைத் தெளிவாகக் கேட்க வேண்டுமாயின், இணைப்புச் செவ்வனே அமைய வேண்டும்.

முதலில் வண்டியிலுள்ள ஸ்டீரியோவின் முகப்பை உற்று நோக்குவோம். சிறிய வட்டத் துளையும் அதன் அருகே ‘ஆக்ஸ்’ என்ற எழுத்தும் காணப்படின் வேலை எளிது. இரு முனைகளிலும் 3.5 மில்லிமீட்டர் பின் பொருத்திய கேபிள் ஒன்று போதும். ஒரு முனையைக் கைப்பெட்டியின் காதுக்கருவித் துளையிலும், மறுமுனையை ஸ்டீரியோவிலும் செருகி, ஸ்டீரியோவை ‘ஆக்ஸ்’ நிலைக்கு மாற்ற வேண்டும். துளையில்லாத புதிய கைப்பேசியாயின், அதற்குரிய சிறிய மாற்றுக் கேபிள் கடைகளில் கிடைக்கும்.

அப்பின்னில் கருவளையங்களால் பிரிக்கப்பட்ட மூன்று பகுதிகள் உண்டு. நுனி இடப்பக்க ஒலிக்கும், நடுவளையம் வலப்பக்க ஒலிக்கும், அடிப்பகுதி இரண்டிற்கும் பொதுவான திரும்பு வழிக்கும் உரியவை. பின் முழுவதும் உட்செல்லாமல் அடிப்பகுதியின் தொடர்பு அறுந்துபோனால் விந்தையொன்று நிகழும். இரு பக்கங்களிலும் ஒரே அளவாகப் பதிவான ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். நடுவே பதிவாகும் பாடகர் குரல் மறைந்து, பக்கவாத்தியங்களின் எச்சம் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். இரு பக்கமும் ஒன்றேயான பழைய பதிவாயின் ஏறக்குறைய ஒன்றுமே கேளாது. பதிவு கெட்டுவிட்டதென்று மனம் வருந்த வேண்டுவதில்லை. பின்னை நன்றாக அழுத்திச் செருகினால் குரல் மீண்டு வரும்.

அடுத்து, ஒலியின் அளவு. கைப்பெட்டியில் ஒலியை மிகத் தாழ்த்தி ஸ்டீரியோவில் மிக உயர்த்தினால், பாட்டோடு ‘உஸ்’ என்னும் இரைச்சலும் பெருகும். கைப்பெட்டியில் மட்டுமீறி உயர்த்தினால் குரல் பிளந்து கரகரக்கும். ஆகவே கைப்பெட்டியை முக்கால் அளவில் நிறுத்தி, எஞ்சியதை ஸ்டீரியோவில் கூட்டிக் குறைப்பதே நன்று.

சிலருக்கு வேறொரு தொல்லை நேரும். பாட்டினூடே ‘ங்ஙீ’ என்று ஓர் ஓசை எழும். எஞ்சின் வேகம் கூடக் கூட அதுவும் உயரும். கைப்பெட்டியை வண்டியின் 12 வோல்ட் மின்சாரத்தில் சார்ஜ் செய்துகொண்டே, கேபிள் வழியாக ஸ்டீரியோவிலும் இணைத்திருப்பதே இதற்குப் பெரும்பாலும் காரணமாகும். அப்போது மின்னோட்டம் திரும்புவதற்கு இரண்டு வழிகள் ஏற்பட்டுவிடுகின்றன. அவற்றினிடையே எழும் சிறு மின்னழுத்த வேறுபாட்டில், வண்டியின் மின்னாக்கி எழுப்பும் அதிர்வு ஒலியாகக் கலக்கிறது. சார்ஜ் கேபிளைக் கழற்றிப் பாருங்கள். ஓசை நின்றால் காரணம் அதுவே. புறப்படுமுன் வீட்டிலேயே சார்ஜ் செய்துகொள்வது செலவில்லாப் பரிகாரம். இயலாதெனில், இரு மின்வழிகளையும் பிரித்து வைக்கும் சிறு டிரான்ஸ்ஃபார்மர் அடங்கிய கருவியைக் கேபிளின் இடையே சேர்க்கலாம்.

ஆக்ஸ் துளையின்றிக் கேசட் வாய் மட்டும் உள்ள பழைய வண்டிக்கு என் செய்வது? கேசட் வடிவிலேயே ஓர் இணைப்பி உண்டு. அதனுள் நாடா இல்லை. சிறிய காந்தத் தலை ஒன்றே உண்டு. கைப்பெட்டியிலிருந்து கம்பி வழியே வரும் மின்னதிர்வை அது காந்த அதிர்வாக மாற்றுகிறது. நாடாவைப் படிக்க வேண்டிய ஸ்டீரியோவின் தலை, எதிரே நாடா ஓடுவதாகவே எண்ணி, அவ்வதிர்வைப் படித்துவிடுகிறது! தலையில் அழுக்குப் படிந்திருப்பின் ஒலி மங்கும். ஆதலால் அதனைத் துடைத்துத் தூய்மை செய்தல் நலம்.

வானொலி மட்டுமே உள்ள வண்டிக்குப் பண்பலைச் சிற்றொலிபரப்பி உதவும். சிகரெட் லைட்டர் துளையில் செருகியதும் அது மிகக் குறைந்த வலுவுடைய ஒலிபரப்பு நிலையமாகிவிடும். 87.5 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பண்பலை எல்லைக்குள், வேறெந்த நிலையமும் கேட்காத ஓரிடத்தைத் தேர்ந்து, கருவியையும் வானொலியையும் அவ்விடத்தில் நிறுத்த வேண்டும். ஒரே அலைவரிசையில் இருவர் ஒலிபரப்பினால் வலுவுள்ளவரே கேட்கப்படுவார் என்பது பண்பலையின் இயல்பு. சித்தூரில் வெறுமையாயிருந்த இடம், சந்திரகிரி கடந்து திருப்பதியை நெருங்கும்போது வெறுமையாயிராது. அப்போது இடம் மாற்ற வேண்டி வரும்.

புதிய வண்டிகளில் யூ.எஸ்.பி. துளையும் புளூடூத்தும் உள்ளன. பாடல்களைச் சிறு பென்டிரைவில் பதிந்து செருகினால் கைப்பெட்டியே தேவையில்லை. கோப்புப் பெயர்களின் முன் 01, 02 என எண்ணிட்டால் பாட்டுகள் நாம் விரும்பும் வரிசையில் வருவது எளிதாகும். புளூடூத்துக்குக் கம்பியே வேண்டுவதில்லை, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் சில மீட்டர் தொலைவுக்குள் அது இயங்கும். ஒருமுறை இரு கருவிகளையும் அறிமுகம் செய்து வைத்தால், மறுமுறை அவை தாமே ஒன்றையொன்று அறிந்துகொள்ளும்.

எவ்வழியை மேற்கொண்டாலும் ஒன்றை மறவாதிருப்போம். திருமலைக்கு 1944-இல் திறக்கப்பட்ட முதல் மலைப்பாதையே இன்று வண்டிகள் இறங்கும் வழி. அதில் 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஏறுவதற்கு 1974-இல் அமைந்த இரண்டாம் பாதை உள்ளது. ஒரு பாட்டை மாற்றுவதற்காக ஓட்டுநர் கண்ணை இரண்டு விநாடி எடுத்தால், மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி 20 மீட்டர் தூரத்தைக் குருட்டுத்தனமாகக் கடந்துவிடும். வளைவு வருவதற்கு அத்தனை தூரம் வேண்டுவதில்லை. வண்டி ஓட்டும்போது கைப்பேசியைக் கையிலேந்திப் பயன்படுத்துவதை, 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டமும் ஆபத்தான ஓட்டுதலாகவே கருதுகிறது.

ஆகையால் பாட்டு வரிசையை வண்டி நிற்கும்போதே அமைத்துவிடுவோம். கேபிள், கியர்த் தண்டிலும் ஓட்டுநர் காலடியிலும் சிக்காதவாறு ஓரமாகச் செல்லட்டும். பெட்டியைக் கையாளும் பொறுப்பைப் பக்கத்தில் அமர்ந்தவர் ஏற்கட்டும். எதிர்வரும் பேருந்தின் ஹார்ன் ஒலி பாட்டை மீறிக் கேட்கும் அளவிலேயே ஒலி இருக்கட்டும். மலைப்பாதை தொடங்குமிடத்தில் பாட்டைச் சற்றுத் தாழ்த்துவதால் இசைக்கு யாதொரு குறைவும் வாராது; ஏறியவர் அனைவரும் நலமாக இறங்கி வீடு திரும்புவர்.